இருவர் படித்த கட்டுரைகள்

கல்வியியல் கல்லூரியில் அவளை முகத்துக்கு நேரே 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கத்தரி.' மாணவர்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் பாதிதான் திரும்பி வரும். மீதியை வெட்டியிருப்பாள். ஏன் வெட்டினாள் என்பதையும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பாள். அதைப் படித்தவர்கள் வெட்டுப்பட்டதே மேல் என்று நினைப்பார்கள். அவளை நேருக்கு நேர் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிந்தவள் அவள் தங்கை மட்டும்தான். "கத்தரிக்காய்னு வைக்காம விட்டாங்களே, அதுக்குச் சந்தோஷப்படு" என்பாள்.

அப்பா கட்டிவிட்டுப் போன வீட்டில் தங்கை மாடியில் இருந்தாள், கத்தரி கீழே. தங்கையும் வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர்தான். தங்கையின் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் பாதி நாள் கடலில். கத்தரிக்குக் கல்யாணம் கூடி வந்த நேரத்தில் ஆய்வு குறுக்கே வந்தது. ஆய்வு கூடி வந்த நேரத்தில் வேறொருவர் குறுக்கே வந்தார். இந்தக் கதை அந்த வேறொருவரைப் பற்றியதுதான்.

உயர்கல்விக் குழுவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கல்வியியலில் ஆய்விதழ்கள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி பெருகிவிட்டன. பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் வேலை, பதவி உயர்வு என்று விதி இருந்ததால், எழுதுகிறவர்களும் பெருகிவிட்டார்கள், படிக்கிறவர்கள்தான் யாருமில்லை. அதனால் துறையைச் சேர்ந்தவர்களே ஒவ்வோர் இதழையும் உட்கார்ந்து படித்து, முதல் தரம், இரண்டாம் தரம், நீக்கம் என்று முடிவு சொல்ல வேண்டும். கட்டுரை எழுதியவர்களின் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துத்தான் கொடுப்பார்கள். குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் தலைவர். எந்தச் சண்டையையும் தேநீர் வரவழைத்தே முடித்து வைக்கிறவர். இரண்டாமவர் புள்ளியியல் பேராசிரியர். எதையும் தானே ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். மூன்றாவது கத்தரி.

முதல் கூட்டத்தில் நீள மேசைமேல் இதழ்க் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நூல் சுற்றிய மூன்றாவது கட்டின் நீல அட்டையைப் பார்த்ததும் கத்தரியின் கையில் இருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"சொந்தம், பகை, சம்பந்தம், எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க" என்றார் தலைவர். "அப்படி எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் இருக்குன்னு சொன்னா நல்லாயிருக்காது."

"இந்தப் பச்சை அட்டை என் மச்சான் நடத்துறது" என்றார் புள்ளியியல்காரர். "இதை என் தலையில கட்டாதீங்க. நல்ல மார்க் போட்டா ஊர் பேசும். கெட்ட மார்க் போட்டா வீட்டுல சோறு கிடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். கத்தரியும் சிரித்தாள். பிறகு, எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற உறுதிமொழியின் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீலக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த நீல இதழின் ஆசிரியருக்குத் துறையில் 'முன்னுரையார்' என்று பெயர். கல்வியைப் பற்றி யார் புத்தகம் போட்டாலும் முன்னுரை அவருடையதாக இருக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறாரா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் கத்தரி ஆய்வு மாணவி. நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஓர் ஆரம்பப் பள்ளிக்குத் தினமும் பஸ் பிடித்துப் போய், வகுப்பின் கடைசியில் குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். முன்னால் இருக்கும் குழந்தை யோசித்தால் காத்திருக்கிறார். பின்னால் இருக்கும் குழந்தை யோசித்தால், அது வாயைத் திறப்பதற்குள் அடுத்த குழந்தைக்குத் தாவிவிடுகிறார். அந்தக் காத்திருப்பைத்தான் அவள் அளந்தாள். தூரம் கூடக்கூட ஆசிரியரின் பொறுமை எப்படிக் குறைகிறது என்று ஓர் அட்டவணை போட்டாள். அதற்கு முன் யாரும் அப்படி அளந்ததில்லை. கட்டுரையாக்கி முன்னுரையாரின் இதழுக்கு அனுப்பினாள்.

வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. 'இது ஆய்வு அன்று, அரட்டை. இந்தப் பெண்மணி சமையல் குறிப்பு எழுத முயலலாம் என்று எங்கள் மதிப்பாய்வாளர் கருதுகிறார்.' அதைப் படித்துவிட்டு அழுதாள். போகட்டும், நம் எழுத்து சரியில்லை போலிருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மறு வருஷம் அதே இதழில் 'கடைசி வரிசை' என்ற கட்டுரை வந்தது. அவளுடைய கேள்வி, அவளுடைய அளவு, அவளுடைய அட்டவணை. எழுதியவர் பெயர் முன்னுரையார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இது அவரோட கட்டுரையாச்சே, எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவளுடைய வழிகாட்டி அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு முதலையைப் பகைச்சுக்கலாமா? அந்த அத்தியாயத்தை எடுத்துடும்மா" என்றார். எடுத்தாள். பட்டம் கிடைத்தது. 'அடுத்தவர் எழுத்தைத் திருடியவள்' என்ற முணுமுணுப்பும் பட்டத்தோடு சேர்ந்து கிடைத்து, கல்லூரி கல்லூரியாக அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டில்கூட யாரோ சொல்லிவிட்டார்கள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு நீல அட்டை போதும்.

ஆனால் பழி வாங்குவதிலும் அவளுக்குச் சுத்தம் வேண்டும். அரை மதிப்பெண்ணை அநியாயமாகக் குறைத்து மாட்டிக்கொண்டால் அவன் தப்பித்துவிடுவான். அதனால் கல்லூரி முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் கட்டுரைகளைப் பரப்பிவைத்து, அரிசியில் கல் பொறுக்குகிறவள் போல வரி வரியாகப் படித்தாள். மோசமான கட்டுரை வந்தால் மனசுக்குள் பூ பூத்தது. நடுநடுவே நல்ல கட்டுரையும் வந்தது. அப்போது எரிச்சலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல மதிப்பெண்ணே போட்டாள்.

ஒவ்வோர் இதழின் முதல் பக்கத்திலும் கட்டம் கட்டி ஒரு வாக்கியம் இருந்தது: 'இவ்விதழில் வெளியாகும் ஒவ்வொரு கட்டுரையும் துறை அறிஞர் இருவரால் படித்து மதிப்பிடப்பட்டது.' கீழே அறிஞர்களின் பெயர்கள் சாரி சாரியாக. அந்த வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சமையல் குறிப்பு நினைவு வந்தது.

வீட்டுப்பாடத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு வந்தாள். மொழி சரளமாக இருந்தது. யாரோ கெட்டிக்காரி எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் ஓர் உதாரணம்: 'ஒரு வீட்டில் மூத்த பெண், இளையவளின் வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக இருந்தால்தான் ஆசிரியர் நம்புவார் என்பதற்காக.'

அந்த இடது கை அவளுடையது. உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

கட்டுரையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். தங்கை கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடி?"

தங்கை பார்த்தாள். தோளில் கிடந்த துணிகளை இறக்கவில்லை.

"பேரை மையால அடிச்சிருக்கே. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எப்படிக் கண்டுபிடிச்சேனா? ஊருல இருக்குற இதழையெல்லாம் விட்டுட்டு அவன்கிட்டயா போய்க் குடுத்தே? என் வாழ்க்கையை நாசம் பண்ணவன்கிட்ட?"

"வேற எங்கக்கா குடுக்குறது? முதல் தரத்து இதழெல்லாம் வருஷக்கணக்குல காக்க வைக்குது. எனக்குப் பதவி உயர்வுக்குத் தேர்வுக்குழு வருது. என்னைவிடச் சின்னப்புள்ளைங்க எல்லாம் எனக்கு மேல போய் உட்காந்துடுச்சு. உன்கிட்ட சொன்னா நீ விடுவியா? அதான் சொல்லல."

"என்கிட்ட படிக்கக்கூடக் குடுக்கல."

"உன்கிட்ட குடுத்தா பாதிதானே திரும்பி வரும்!"

கத்தரிக்குச் சுருக்கென்றது. குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி. அங்க ரெண்டு பேர் படிச்சாங்களே, அவங்க என்ன திருத்தச் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அனுப்பி ஒரு வாரம்கூட ஆகல, ஏத்துக்கிட்டோம்னு வந்துடுச்சு. நல்லா இருந்துச்சு போலன்னு நினைச்சேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அட்டவணையில தொண்ணூத்தேழு புள்ளைங்க. முடிவுரையில நூத்தி மூணு. அந்த ஆறு புள்ளைங்க எங்கேருந்துடி வந்துச்சு? வழியில பெத்துக்கிட்டியா?"

தங்கை கட்டுரையைப் பிடுங்கிப் பார்த்தாள். பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். முகம் சிவந்தது.

"ஒருத்தன் படிச்சிருந்தாக்கூட இது அச்சாகியிருக்காது" என்றாள் கத்தரி. "உன்னை ஏமாத்தினதும் அவன்தான்."

"ஏமாத்தினாரோ என்னவோ, என் பேரை அச்சுல போட்டாரு. நீ இதழை நீக்கினா என் கட்டுரை செல்லாது. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் செய்வே."

கத்தரி கட்டுரையை வாங்கி மறுபடி சுருட்டினாள்.

"அவனைக் குத்தணும்னா குத்து. நடுவுல என் வயிறு இருக்குன்னு தெரிஞ்சும் கத்தியை இறக்குறே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டுத் தங்கை துணிகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே வந்த கத்தரிக்குக் கோபம் தங்கைமேல் நிற்கவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு திருத்தம்கூட இல்லை என்று அவள் சொன்னதுதான் காதில் நின்றது. அந்தக் கட்டம் கட்டிய வாக்கியத்தின் கீழே இருந்த பெயர்களை மறுபடி பார்த்தாள். மறுநாள் கல்லூரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அறிஞர்களின் தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.

முதலில் கிடைத்தவர் திகைத்துப்போனார். "கல்வியியல் இதழா? அதுல என் பேரு இருக்கா? நான் கால்நடை மருத்துவம்மா! மாடு கன்னு போடுறதைப் பத்தின்னா சொல்லுங்க, படிச்சுத் தரேன்."

இன்னொரு வீட்டில் ஒரு வயதான அம்மாள் எடுத்தாள். "அவரு போய்ச் சேந்து பல வருஷம் ஆச்சேம்மா."

"மன்னிச்சுக்கங்கம்மா. போன இதழ்லகூட அவர் படிச்சுக் குடுத்ததா போட்டிருக்கு, அதான்..."

"எனக்குக் கனவுலகூட வர மாட்டேங்கிறாரு. அங்க போய்க் கட்டுரை படிச்சுக் குடுக்குறாராமா?" என்றாள் அந்த அம்மாள். "நல்லாயிருக்குதே நியாயம்."

மூன்றாமவர், யாரோ கேட்டதற்கு எப்போதோ சரி என்றாராம். அதற்குப் பிறகு ஒரு கட்டுரையும் வரவில்லை. நான்காமவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்த இதழுக்காக ஒரு பக்கம் படித்ததாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் கத்தரிக்கு நாக்கில் தேன் தடவினாற்போல இருந்தது.

அடுத்த கூட்டத்தில் சொன்னபோது புள்ளியியல்காரர் வழக்கம்போல நம்பவில்லை. "நீங்க சொல்றீங்கன்னு நான் எப்படி எழுத முடியும்? நானே கேக்குறேன்" என்று எண்களை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்து, "அந்த மாட்டு டாக்டர் நல்ல மனுஷன்" என்றார். தலைவர் பெருமூச்சு விட்டு, விளக்கம் சொல்ல இதழாசிரியரை வரவழைத்தார்.

முன்னுரையார் வந்தார். வயது ஏறியிருந்ததே தவிர மிடுக்கு இறங்கவில்லை. தும்பைப்பூ வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. தலைவருக்கும் புள்ளியியல்காரருக்கும் கை கொடுத்தார். கத்தரியின் முன்னால் வந்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே மேடம்... உங்க புத்தகத்துக்கு நான் முன்னுரை எழுதியிருக்கேனோ?"

இருபது வருஷமாக அவள் இந்த மனிதனோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாணவர்களின் கட்டுரையைத் திருத்தும்போது. அவருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. திருடிய வீட்டுக்கே விருந்துக்கு வந்த திருடன், சுவர்க் கடிகாரம் அழகாக இருக்கிறது என்று பாராட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"இல்லை சார். நான் இன்னும் புத்தகம் போடல" என்றாள்.

தலைவர் மதிப்பாய்வாளர்களைப் பற்றிக் கேட்டார். அலுவலகத்தில் நடந்த தவறு என்றார் முன்னுரையார். இறந்தவர்? பெயர்களைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். கால்நடை மருத்துவர்? அதே பெயரில் கல்வியியல் அறிஞர் ஒருவர் இருக்கிறார், குழப்பம்.

"அப்ப கட்டுரைகளை யார்தான் படிக்கிறது?" என்று கேட்டார் புள்ளியியல்காரர்.

"நான் படிக்கிறேன்." முன்னுரையார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ரெண்டு பேர் கண்ணு எதுக்கு? என் ஒரு கண்ணு போதும். ஆய்வுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" பையைத் திறந்து பழைய இதழ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தக் 'கடைசி வரிசை'யைப் படிக்காம இன்னிக்கு யாராவது ஆசிரியர் பயிற்சி முடிக்க முடியுமா? பாடத்திட்டத்துலயே இருக்கு."

வேண்டாத தெய்வம் இல்லை என்றிருந்தவளுக்குத் தெய்வமே தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல, இதழ் அவள் முன்னால் கிடந்தது. கத்தரி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். அட்டவணை அப்படியே இருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றாள். "இந்த அட்டவணையில பா.1, பா.2ன்னு ஆறு வரைக்கும் போட்டிருக்கீங்க. 'பா'ன்னா என்ன?"

"பாடவேளை" என்றார் முன்னுரையார், கண் இமைக்காமல்.

புள்ளியியல்காரர் இதழைத் தன் பக்கம் இழுத்தார். "பக்கத்துக் கட்டத்துல 'கரும்பலகையிலிருந்து தூரம்'னு இருக்கே. பாடவேளை ஏன் சார் கரும்பலகையை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகுது?"

"இல்ல... பார்வை. பார்வைக் கோணம்."

"கோணத்தை அடிக்கணக்குல அளந்தீங்களா?"

முன்னுரையார் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். "ரொம்ப நாள் ஆச்சு. இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"அதுல பெஞ்சைப் பத்தி எழுதியிருக்கீங்களே சார்" என்றாள் கத்தரி. குரல் பட்டுப் போல இருந்தது. "நீளமான மரப் பெஞ்சு, ஒரு பெஞ்சுக்கு நாலு புள்ளைங்கன்னு. அது ஞாபகம் இருக்கா?"

"அது நல்லா ஞாபகம் இருக்கு" என்று அவசரமாகத் தலையாட்டினார். "பழைய பெஞ்சு. ஆடிக்கிட்டே இருக்கும்."

"அந்தப் பள்ளிக்கூடத்துல பெஞ்சே கிடையாது சார். தரையில பாய் விரிச்சுத்தான் உட்காருவாங்க. பா-ன்னா பாய். முதல் பாய், ரெண்டாம் பாய், அப்படியே ஆறாம் பாய் வரைக்கும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

அப்போதுகூட அவள் தப்பித்திருக்கலாம். எங்கோ கேள்விப்பட்டேன், அட்டவணையைப் பார்த்தே ஊகித்தேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அவளுக்கு எதிராகவே இருந்தது, அதுவும் தெரியும். ஆனால் யார் அடித்தார்கள் என்றே தெரியாமல் அவன் விழுந்தால் அது என்ன பழி?

"அந்த ஆறாவது பாயில ஒரு வருஷம் உட்காந்திருந்தவ நான்தான்" என்றாள்.

முன்னுரையார் அவளை உற்றுப் பார்த்தார். மெதுவாக, அடியிலிருந்து குமிழி வருவது போல, அவர் முகத்தில் அந்த ஞாபகம் ஏறி வந்தது. அதுவரை 'மேடம்' என்றவர், "நீயா? அந்தப் பொண்ணா நீ?" என்றார்.

"நான்தான். சமையல் குறிப்பு எழுதச் சொல்லி அனுப்பினீங்களே."

"அது... அது நான் எழுதினதில்லம்மா. மதிப்பாய்வாளர் கருத்து."

"எந்த மதிப்பாய்வாளர்? மாட்டு டாக்டரா?"

புள்ளியியல்காரர் இருமுவது போலச் சிரிப்பை விழுங்கினார். தலைவர் சிரிக்கவில்லை. முன்னுரையார் எழுந்து இதழைப் பைக்குள் திணித்தார்; பை வாய் மூடவில்லை. கதவருகே போனவர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கத்தரி காத்திருந்தாள். ஆற அமர, அவர் யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. போய்விட்டார்.

தலைவர் அன்றைக்குத் தேநீர் வரவழைக்கவில்லை. "நீங்க செஞ்சது தப்பு மேடம்" என்றார். "அந்த ஆளு செஞ்சது அயோக்கியத்தனம். அது வேற. முதல் நாளே நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க சார்."

"சொல்லியிருந்தா வேற ஒருத்தர்கிட்ட குடுத்திருப்போம். இதே முடிவு வந்திருக்கும்."

"வந்திருக்கும் சார். ஆனா நான் இங்க இருந்திருக்க மாட்டேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, விலகல் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அவள் போட்ட மதிப்பெண்கள் அத்தனையும் செல்லாதென்று ஒதுக்கினார்கள். வேறொருவர் வந்து முதலிலிருந்து படித்தார். புள்ளியியல்காரர் தானே பேசி உறுதிசெய்த சாட்சியங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. நீல இதழ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முன்னுரையாரை அவருடைய நிறுவனமே ஆசிரியர் பொறுப்பிலிருந்து இறக்கியது. கத்தரிக்கும் இனி எந்த மதிப்பீட்டுக் குழுவிலும் இடமில்லை என்று முடிவானது.

ஊர் வாய் இரண்டு பக்கமும் பேசியது. சபாஷ் என்றவர்களும் உண்டு. பழி தீர்க்கத்தானே போனாள் என்றவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டம் சொன்னதுதான் சரி என்று அவளுக்கே தெரியும். பழி வாங்கினால் மனசு வெறிச்சோடிப் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளும் அதற்காகக் காத்துப் பார்த்தாள். வரவில்லை. நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினாள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது, 'எந்த மதிப்பாய்வாளர்? மாட்டு டாக்டரா?' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உறுத்தியது மாடிப்படி ஒன்றுதான். தேர்வுக்குழு தங்கையின் கட்டுரையை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. பதவி உயர்வு வேறு ஒருத்திக்குப் போனது. தங்கை படியில் இறங்கும்போது கத்தரியின் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. நல்ல கட்டுரை எழுதியவர்கள் சிலரும் அதே பள்ளத்தில் விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் போனில் கூப்பிட்டு, "உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க கூரையைப் பிடுங்கிட்டீங்களே மேடம்" என்றார். கத்தரி போனை வைக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு விடுமுறை நாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். தங்கை நின்றிருந்தாள், கையில் நீல அட்டையோடு. இதழைப் புதிதாக ஒருவர் ஏற்று நடத்துகிறார். மறுபடி பட்டியலில் சேர விண்ணப்பிக்க வேண்டுமானால் பழைய கட்டுரைகளை உண்மையாகவே இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்க வைக்க வேண்டும், 'கடைசி வரிசை'க்குத் திருத்தமும் வெளியிட வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் தங்கை. "கட்டுரைக்காரங்களுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்காங்க. உன் சமாச்சாரம் இருக்கு. அதான் கொண்டாந்தேன். கடைசிப் பக்கம்."

கத்தரி நின்றபடியே பிரித்தாள். சின்ன எழுத்தில், ஒரு கட்டத்துக்குள்: 'முன்னர் இவ்விதழில் வெளியான கடைசி வரிசை என்னும் கட்டுரையின் ஆய்வு முழுவதும் கீழ்க்காணும் ஆய்வாளருக்கே உரியது.' இருபது வருஷம் அவள் மனசுக்குள் அச்சடித்து வைத்திருந்த வாக்கியம். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். அங்கே அவள் பெயர் இருந்தது. கிட்டத்தட்ட. கடைசியில் ஓர் எழுத்து மாறி, முன்னால் 'திரு.' என்று ஒட்டுப் போட்டு, பெயர் சுத்தமாக ஓர் ஆண்பிள்ளையுடையதாகியிருந்தது.

அவள் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"படியிறங்கும்போதே பாத்தேன்" என்றாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேட்டி வாங்கித் தரவாக்கா?"

கத்தரிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க வேண்டாம் என்று பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"சரி விடுக்கா" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்னைத்தான் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"விடுறதா?" என்று எழுந்தாள் கத்தரி. "உள்ள வா. மேசை மேல என் போன் இருக்கும், எடு. அந்தப் புது ஆசிரியரோட நம்பரு அட்டையிலதான் இருக்கும், பாரு."

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.